பாட்டு, பானை, பறை: சிவகங்கைச் சீமையில் நாட்டார் இசைப் பாதுகாப்பு

கேள்வி

செட்டிநாட்டின் மரபுச் செல்வங்கள் எவை என்று கேட்டால், இன்று முதலில் சுட்டப்படுபவை கண்ணால் காணவும் கையால் தொடவும் இயலும் பொருள்களே. வணிகச் சமூகத்தினரான நகரத்தார் கட்டிய பெருவீடுகளைக் கொண்ட ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும், ஓலையில் முடையும் செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் பெயரை அது விளைந்த வட்டாரத்துக்கே உரியதாக்கும் சட்டப் பாதுகாப்பு, கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த வீடுகளின் வளவிலும் இரண்டாங்கட்டிலும் பெண்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களில் முழங்கிய பறையும் உறுமியும், தூணையும் தளக்கல்லையும் போலக் கவனம் பெற்றதில்லை.

இந்தப் புறக்கணிப்பைக் குறித்து வருந்துவது எளிது. ஆயினும் அந்த வருத்தம் ஒரு முதன்மையான கேள்வியை மறைத்துவிடுகிறது. நாட்டார் இசையைப் பாதுகாத்தல் என்று சொல்லும்போது பாதுகாக்கப்படுவது பாட்டின் சொல்லா, மெட்டா, கருவியா, கருவியைச் செய்யும் கையா, அல்லது இவையனைத்தும் ஒன்றுகூடும் சடங்கா? செட்டிநாட்டின் பெரும்பகுதி அடங்கிய சிவகங்கை மாவட்டத்தில் இவற்றுள் சிலவற்றுக்கு நல்ல பாதுகாப்பு அமைந்திருக்கிறது என்பதும், அந்தப் பாதுகாப்பு ஒவ்வொன்றையும் மற்றதிலிருந்து பிரித்தே நடந்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். பாட்டைத் தொகுத்தவர்கள் கொட்டைக் கேட்கவில்லை. கொட்டை மேடையேற்றியவர்களுக்குப் பாட்டின் வீட்டுக்குள் செல்ல வழியிருக்கவில்லை. கருவியைக் கொண்டாடியவர்கள் அது பிறக்கும் மண்ணைப் பற்றி மிகப் பிந்தியே பேசத் தொடங்கினர்.

எழுத்தில் தங்கியவை

தமிழ் நாட்டார் பாடல்களின் தொகுப்பு வரலாறு எழுத்தின் வரலாறாகவே தொடங்கியது. சார்லஸ் கோவர் 1871-இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூல், பெர்சி மக்வீன் என்ற ஆட்சிப்பணி அதிகாரி திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்துத் தஞ்சை சரசுவதி மகால் 1958-இல் வெளியிட்ட ‘மலையருவி’, நா. வானமாமலை 1964-இல் தந்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ ஆகியவை இவ்வரிசையின் மைல்கற்கள். இவற்றுள் வானமாமலையின் பணி, பாடல்களைச் சமூக வரலாற்றுச் சான்றாகப் படிக்கும் முறையை நிலைநாட்டியது. ஆனால் அம்முறைக்குத் தேவைப்பட்டது பாடலின் பொருள்தான். மெட்டு இரண்டாம் இடத்துக்குச் சென்றது.

செட்டிநாட்டுப் பகுதியின் பங்களிப்பும் இதே தடத்தில் அமைந்தது. நெற்குப்பை என்ற ஒரே ஊரில் பிறந்த இருவர் இங்கே குறிப்பிடத்தக்கவர்கள்: தமிழ்நாட்டு மக்களின் மரபையும் பண்பாட்டையும் பற்றி விரிவாக எழுதிய சோமலெ, தாலாட்டுப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கிய தமிழண்ணல். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்கள், அவர் மறைந்த பிறகு 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டுச் சென்னையில் ஆய்வு நூலகமாயின. சந்தையில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களை ஒரு தனிமனிதர் குப்பை என்று ஒதுக்காமல் சேர்த்து வைத்ததால்தான் அவ்வகை அச்சு இன்று ஆய்வாளர் கைக்கு எட்டுகிறது. அந்த உழைப்புக்கு இப்பகுதி இன்னும் போதிய நன்றி செலுத்தவில்லை.

இத்தகைய எழுத்துப் பாதுகாப்பின் வலிமையும் குறையும் ஒருசேர வெளிப்படும் எடுத்துக்காட்டு, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்களின் கதையைச் சொல்லும் சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-களில் அவற்றை அச்சிட்டது. அவர்களின் 1801-ஆம் ஆண்டுப் போரைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள் அவற்றைச் சான்றாக எடுத்தாள்கின்றனர். ஆனால் கும்மி என்பது கைகொட்டிச் சுற்றிவந்து பாடுவது. எந்த அசையில் கை தட்ட வேண்டும், எந்த இடத்தில் குனிந்து நிமிர வேண்டும் என்பவை அதன் உறுப்புகள். அச்சுப் பக்கத்தில் அவற்றுள் ஒன்றும் இல்லை. யாப்பின் ஓசையைக் கொண்டு தாளத்தை ஓரளவு ஊகிக்கலாம். மெட்டை ஊகிக்க வழியில்லை.

தாலாட்டில் இந்த இழப்பு இன்னும் கூர்மையானது. உத்திரத்து வளையத்தில் கட்டிய தூளியின் ஆட்டமே அதன் தாளம். கயிற்றின் நீளமும் குழந்தையின் கனமும் மாறும்போது ஆட்டத்தின் காலமும் மாறுகிறது; பாடுபவர் அந்த ஆட்டத்துக்கு ஏற்பச் சொல்லை நீட்டியும் குறுக்கியும் சேர்த்தும் போகிறார். தாய்மாமன் கொண்டுவரும் சீர், தந்தை கடல் கடந்து தேடும் பொருள், பிறந்த வீட்டின் பெருமை என்று அடுக்கிச் செல்லும் பாடலுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது, குழந்தை உறங்கியதே முடிவு. தொகுப்பு நூலில் நாற்பது அடியில் நிற்கும் ஒரு தாலாட்டு, எழுதிக்கொண்டவரின் பொறுமை நின்ற இடத்தைக் காட்டுகிறதேயன்றிப் பாட்டு நின்ற இடத்தைக் காட்டுவதில்லை.

புரவலர் வழங்கியதும் வழங்காததும்

இசைக்குச் செலவிடாத நிலமன்று செட்டிநாடு. காரைக்குடி சகோதரர்கள் எனப்பட்ட சுப்பராமையரும் சாம்பசிவையரும் வீணைக்கு ஊர்ப்பெயரையே பாணிப்பெயராக்கினர். கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் ஆதரவில் 1940-களின் தொடக்கத்தில் எழுந்த தமிழிசை இயக்கம், 1943-இல் தமிழிசைச் சங்கத்தை நிறுவியது. மேடையில் தமிழ்ப் பாடல் ஒலிக்க வேண்டும் என்ற அந்த இயக்கத்தின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அது அளித்த இடம் பெரியது. ஆயினும் அது வாதாடியது கச்சேரி மேடையின் மொழிக்காக. நகரத்தார் வீட்டு ஆச்சிமார் வாயில் இருந்த தமிழ்ப் பாட்டு, மேடைக்கு வர வேண்டிய இசையாக அப்போது கருதப்படவில்லை. இயக்கத்தைக் குறைகூற இதைச் சொல்ல வேண்டியதில்லை. புரவலரின் காது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை அறிய இது உதவுகிறது.

வானொலியும் திரைப்படமும் அந்தக் காதை ஓரளவு திருப்பின. சிவகங்கை மாவட்டக் கொல்லங்குடியைச் சேர்ந்த கருப்பாயி, வானொலியில் நாட்டுப்பாடல் பாடி அறிமுகமாகி, 1985-இல் வெளிவந்த ‘ஆண்பாவம்’ படத்தின் வழியாகத் தமிழகம் முழுவதும் அறியப்பட்டார். கலைமாமணி விருதும் பெற்றார். அவருடைய குரல் பதிவாகியிருப்பது பெரும்பேறு. எனினும் வானொலிப் பதிவுக்கென்று சில நிமிட அளவு உண்டு; திரைப்பாடலுக்கோ வாத்தியக் குழுவும் இசையமைப்பாளரின் கட்டுக்கோப்பும் உண்டு. நடவு வயலில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அமைப்பு இவற்றுள் அடங்குவது அரிது.

மானாமதுரைக் கடம்

இம்மாவட்டத்தில் ஒரு கருவி மட்டும் உலகறியும் உயரத்தில் நிலைபெற்றிருக்கிறது. வைகைக் கரையிலுள்ள மானாமதுரையில் வேளார் குடும்பத்தினர் வனையும் கடம், கருநாடக இசைக் கலைஞர்கள் தேடிவந்து வாங்கும் கருவி. பிற ஊர்களில் செய்யப்படும் கடத்தைவிட இது கனமானது, சுவர் தடித்தது, தட்டும்போது உலோகத்தின் கணீரொலி தருவது. கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம் பங்கேற்ற ‘பிளானட் டிரம்’ இசைத்தொகுப்பு 1992-இல் கிராமி விருது பெற்றபோது, மண்பானையும் ஓர் இசைக்கருவி என்பதை மேலைநாட்டவர் அறிந்தனர். கடம் வனையும் மானாமதுரை மீனாட்சிக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது, இசைப்பவருக்கு நிகராகச் செய்பவரையும் கலைஞராக ஏற்ற அரிய நிகழ்வு. 2023-இல் மானாமதுரை மண்பாண்டம் புவிசார் குறியீடும் பெற்றது.

இந்த நிலைபேறு எப்படி வந்தது என்பதை ஆராய, செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சுற்றுவட்டாரக் கண்மாய்கள் பலவற்றின் களிமண்ணைக் கலந்து ஊறவைத்து, மணல் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துகின்றனர். உலோகத் தூளும் சேர்ப்பதுண்டு. சக்கரத்தில் வனைந்த உருவம் முழுக் கடம் அன்று. அது பாதி உலர்ந்த நிலையில், உட்புறம் ஒரு கையால் கல்லைத் தாங்கிக்கொண்டு வெளிப்புறம் மரப்பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டிச் சுவரின் கனத்தை எங்கும் ஒன்றாக்க வேண்டும். ஒரு விரலளவு இடத்தில் கனம் கூடினாலும் அந்த இடம் ஊமையாகிவிடும். பின்பு நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகின்றனர். மண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்குவதால், ஈரநிலையில் இருக்கும் அளவுக்கும் வெந்தபின் எழும் சுருதிக்கும் இடையே ஒரு கணக்கு உண்டு. வேண்டிய சுருதியை ஈரமண்ணிலேயே முன்னறிந்து வனைய வேண்டும். வீணையின் பிரடையை முறுக்குவது போலச் சுட்ட பிறகு திருத்திக்கொள்ள வழியில்லை. இக்கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படாமல், தட்டும் கையிலும் கேட்கும் காதிலும் மட்டுமே இருக்கிறது.

கடம் காப்பாற்றப்பட்டதற்கு விருதோ குறியீடோ முதற்காரணம் ஆகாது. இரண்டும் பிந்தி வந்தவை. வித்துவான் தமக்கு வேண்டிய சுருதியைச் சொல்லிக் கேட்பதும், வனைபவர் பலவற்றைச் சுட்டு அவற்றுள் தேறியதை எடுத்துவைப்பதும், வித்துவான் வந்து தட்டிப் பார்த்து ஏற்பதும் விலக்குவதும் ஆகிய தொடர் உறவே காரணம். அந்த உறவில் வனைபவரின் காது ஒவ்வொரு முறையும் சோதிக்கப்பட்டது. புவிசார் குறியீடு மானாமதுரை என்ற பெயரைப் போலியிலிருந்து காக்கும். அந்தக் காதைக் காக்க அதனால் இயலாது. மேலும் அக்குறியீடு அடுப்பு, பானை, பூந்தொட்டி அனைத்துக்கும் பொதுவானது. கடம் வனையும் குடும்பங்கள் மிகச் சிலவே என்பதை அது கணக்கில் கொள்வதில்லை.

இங்கே இன்னொன்றும் கருதத்தக்கது. சிவகங்கை கண்மாய்களை நம்பிய மாவட்டம். கண்மாய் மண்ணை அள்ளுவதற்கான அனுமதி நெடுங்காலம் வேளார் குடும்பங்களின் முதன்மைக் குறையாக இருந்தது. 2024-இல் தமிழக அரசு, உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியுடன் நீர்நிலைகளிலிருந்து வண்டலையும் களிமண்ணையும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழிசெய்தது. பண்பாட்டுத் துறை சார்ந்த ஆணையாக இதை எவரும் படிப்பதில்லை. ஆனால் மானாமதுரைக் கடத்தைப் பொறுத்தவரை, எந்த விழாவையும்விட இவ்வாணையின் செயலாக்கமே பெரிது. வண்டல் அள்ளப்படாமல் கண்மாய் தூர்ந்து சீமைக்கருவேலம் மண்டினால், கடத்துக்கான மண்ணும் அதனோடு போகும்.

பறை: காத்தலும் துறத்தலும்

கடத்துக்குக் கிடைத்தது பறைக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லி நிறுத்துவது போதாது, ஏனெனில் பறையின் சிக்கல் வேறு வகையானது. மூன்று மரத்துண்டுகளை இணைத்துத் தகட்டால் பிணைத்த வட்டச் சட்டத்தில், புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டுவதே பறை. வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சி. வாசிக்குமுன் வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் தோலைக் காய்ச்சினால்தான் ஒலி தெறிக்கும். சாமிச்சாட்டு, சப்பரத்தடி, மருளடி, வாழ்த்தடி, மாரடி என ஒவ்வோர் அடியும் ஒரு நிகழ்வுக்கு உரியது. தூரத்திலிருந்து கேட்பவர் ஊரில் நடப்பது இன்னதென்று அடியைக் கொண்டே அறிவர்.

இந்த நுட்பமான மொழியை வாசித்தவர்கள் அதைச் சாதிக்கடமையாகவும், பெரும்பாலும் இழவு வீட்டின் கட்டாய ஊழியமாகவும் வாசிக்க நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்தின் பல ஊர்களில் தலித் மக்கள் இழவுக்குப் பறையடிக்க மறுத்ததும், சில இடங்களில் பறைகளையே எரித்ததும் விடுதலைச் செயல்கள். அவற்றை மரபழிவு என்று எழுதும் பாதுகாப்பாளர் எவரும், அந்த மரபைச் சுமந்தவரின் முதுகைக் கணக்கில் எடுக்காதவர். நாட்டார் இசைப் பாதுகாப்பு என்ற சொல்லாடல் முழுவதும் எதிர்கொள்ள வேண்டிய மிகக் கடினமான இடம் இதுவே.

இந்த முரணை உள்ளிருந்தே எதிர்கொண்டவர் சிவகங்கை மாவட்டம் இளையான்குடியை அடுத்த மாரந்தையைச் சேர்ந்த கே.ஏ. குணசேகரன் (1955–2016). நாட்டுப்புற இசையில் ஆய்வு செய்து, ‘தன்னானே’ குழுவோடு ஊர்தோறும் பாடி, பின்னர் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கிய அவர், ‘வடு’ என்ற தன்வரலாற்றில் இதே வட்டாரத்தின் சாதியக் கொடுமைகளைப் பதிவு செய்தார். கருவியை இழிவிலிருந்து பிரித்து எடுக்க முடியும் என்பதும், அதற்கு வாசிப்பவரின் சம்மதமும் மேடையும் கூலியும் மதிப்பும் ஒன்றாக மாற வேண்டும் என்பதும் அவருடைய பணி உணர்த்தியவை. 2025-இல் அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டதும், இன்று கல்லூரி மாணவரும் மாணவியரும் சாதி கடந்து பறை கற்பதும் அந்தப் பாதையின் தொடர்ச்சி.

ஆயினும் இந்த வெற்றியினுள் ஓர் இழப்பு உண்டு. மாரடி என்னும் அடி, இறந்தவரைச் சுற்றி நின்று மாரில் அடித்துக்கொண்டு பெண்கள் ஒப்பாரி சொல்லும்போது அவர்களின் கையசைவைத் தொடர்ந்து வாசிக்கப்படுவது. அழுபவர் வேகம் கூட்டினால் அடி கூடும், தளர்ந்தால் தளரும். பாட்டும் கொட்டும் சேர்ந்தே அங்கு ஓர் இசை. அச்சிடப்பட்ட ஒப்பாரித் தொகுப்புகளில் பெண்களின் சொல் இருக்கிறது, வெளியே நின்ற பறை இல்லை. பயிற்சிப் பட்டறைகளில் மாரடியின் அடவு இருக்கிறது, அதை நடத்திச் சென்ற பெண்குரல் இல்லை. முற்றத்தில் அழுதவர்களையும் வாசலுக்கு அப்பால் வாசித்தவர்களையும் பிரித்து நிறுத்திய சாதிக்கோடு, பின்னாளில் ஆய்வாளரின் ஏட்டிலும் மேடையின் நிகழ்ச்சிநிரலிலும் அப்படியே தொடர்ந்துவிட்டது என்றே இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது.

உக்ரைனிய ஒப்பீடு

பிரித்துக் காப்பதன் விளைவையும், பிரிந்ததை மீண்டும் சேர்க்க எடுத்த முயற்சியையும் நன்கு காட்டும் அயல்நாட்டுச் சான்று உக்ரைனுடையது. அங்கே கொப்சார் எனப்பட்ட பாடகர்கள், பெரும்பாலும் பார்வையற்றவர்கள், கொப்சா, பந்துரா என்னும் நரம்புக் கருவிகளையும், கைப்பிடியால் சுழலும் சக்கரம் நரம்புகளை உரசி ஒலியெழுப்பும் லிராவையும் இசைத்து, தூமா என்னும் நெடுங்கதைப் பாடல்களை ஊர்தோறும் பாடிவந்தனர். தமக்கெனச் சங்கங்களும் மாணவர் பயிற்சி முறையும் அவர்களுக்கு இருந்தன. 1908-இல் ஃபிலாரெட் கொலெஸ்ஸா மெழுகு உருளைகளில் அவர்களின் குரலைப் பதிவு செய்தார். அப்பணிக்குப் பொருளுதவி செய்தவர் கவிஞர் லெஸ்யா உக்ரைன்கா. தமிழ்த் தொகுப்பாளர்கள் சொல்லை எழுதிய காலத்தில் அங்கே மெட்டு பதிவானது என்பது முதல் வேறுபாடு.

சோவியத் காலத்தில் அந்த மரபு ஒடுக்கப்பட்டது. கொப்சார்களை 1902-இல் கார்கிவ் நகர மாநாட்டில் மேடையேற்றிய ஹ்னாத் ஹொத்கேவிச் 1938-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே காலத்தில் பந்துரா என்னும் கருவி அழியவில்லை, வளர்ந்தது. சுமார் இருபது நரம்புகளோடு இருந்த கருவி, ஐம்பதுக்கும் மேற்பட்ட நரம்புகள் கொண்ட, தொழிற்சாலையில் செய்யப்படும் கச்சேரிக் கருவியாகி, சீருடை அணிந்த பெருங்குழுக்களில் இசைக்கப்பட்டது. கருவி பெருகியும் மரபு மெலிந்தது. பழைய கருவியையும் பாடல்களையும் கேள்வி வழியாகக் கற்றிருந்த ஹெயோர்ஹி த்காசெங்கோ (1898–1993) என்ற ஓவியர் தம் முதுமையில் இளைஞர்களுக்குக் கற்பித்தார். அவர்வழி வந்த மிகோலா புத்னிக் கருவிகளைத் தம் கையால் செய்து, பிறருக்கும் செய்யக் கற்றுக்கொடுத்து, கொப்சார் சங்கத்துக்கு மீண்டும் உயிர்கொடுத்தார். பாட்டும் வாசிப்பும் கருவி செய்தலும் ஒரே கல்வியாக இணைந்ததே அந்த மீட்சியின் உள்ளுறை. கொப்சா, லிரா மரபைக் காக்கும் திட்டத்தை 2024-இல் யுனெஸ்கோ நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது.

சிவகங்கைக்கும் உக்ரைனுக்கும் நேர் ஒப்புமை இல்லை. அங்கே அரசு ஒடுக்கியது. இங்கே மரபைச் சுமந்தவர்களே ஒரு பகுதியைத் தம் மானம் கருதித் துறந்தனர். ஒடுக்கப்பட்டதை மீட்பதும் துறக்கப்பட்டதை மீட்பதும் ஒன்றாகா. பின்னதில் மீட்கும் உரிமை துறந்தவருக்கே உண்டு.

செட்டிநாட்டில் இனி

மேற்கண்டவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டார் பாடல்களில் பயிற்சி பெற்ற தமிழாசிரியர்கள் மாவட்டத்தின் கல்லூரிகளில் இருக்கின்றனர். களப்பணிக்குச் செல்லும் மாணவர் இன்றும் பாடலை எழுதிக்கொண்டு வந்து பின்னிணைப்பில் சேர்ப்பதோடு நிறைவடைவது மாற வேண்டும். கைப்பேசியே நல்ல ஒலிப்பதிவுக் கருவியாகிவிட்ட காலத்தில், பாடலின் முழு நீளமும், பாடியவர் இடையில் நிறுத்திய இடமும், தூளியின் கிறீச்சொலியும் பதிவாகத் தடையில்லை. பாடியவரின் ஒப்புதலும், பதிவின் ஒரு படி அவர் குடும்பத்துக்கே திரும்பிச் சேர்வதும் ஆய்வு நெறியாக வேண்டும். வெளியூர் ஆவணக் காப்பகத்தில் கிடக்கும் ஒலி பேத்திக்குப் பயன்படுவதில்லை.

கடம் வனையும் குடும்பத்தில் அடுத்த தலைமுறையின் காது பயில, இசைக்கல்லூரி மாணவர் மானாமதுரை சென்று தமக்கு வேண்டிய சுருதியைச் சொல்லிக் கருவி வாங்கும் வழக்கம் பெருகுவதே போதும். பயிற்சி மையம் கட்டுவது அதற்குப் பிறகு வரலாம். பறையைப் பொறுத்தவரை, எந்த அடியைத் தொடர்வது, எதை விடுவது என்ற தேர்வு கலைஞர்களுடையது. விட முடிவு செய்த அடியையும், அவர்கள் இசைந்தால், அதற்குரிய பெண்குரலோடு சேர்த்து ஒருமுறையேனும் பதிந்து வைக்கலாம். மாரடிக்கு ஒப்பாரி சொல்லத் தெரிந்த பெண்கள் பெரும்பாலும் முதுமையில் இருப்பதால், செய்ய வேண்டிய பணிகளின் வரிசையில் அந்தப் பதிவே முதலில் நிற்கிறது.